பாக்கெட் பிஸ்டல் குறி தவறுகிறதா? இப்படிப் பழகிப் பாருங்கள்

அமெரிக்காவில் தற்காப்புக்காகப் பிஸ்டலை உடைக்குள் மறைத்து வைத்துக்கொள்பவர்கள் பலர் முதலில் வாங்குவது ரூகர் எல்சிபி மாதிரி ஒரு குட்டியைத்தான். 2008இல் வந்த .380 (தோட்டாவின் அளவைக் குறிக்கும் பெயர்) பிஸ்டல் அது. தோட்டா இல்லாமல் எடை 270 கிராம் அளவுதான், குழல் 7 செ.மீ. ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக்கூடம்) போய் ஒரு மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) சுட்டதும் "இது நேராகவே போகாது" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

படி 1: குற்றவாளி யாரென்று பாருங்கள்

மணல் பையின் மேல் கையை ஊன்றி, 7 கஜத்திலிருந்து (6.4 மீட்டர்) நிதானமாக ஐந்து தோட்டா சுடுங்கள். எனக்கு ஐந்து ஓட்டைகளும் ஒரு டீ டம்ளர் வாய்க்குள் அடங்கின. பையை எடுத்துவிட்டு நின்று சுட்டேன். தாள் முழுக்கச் சிதறியது. பிஸ்டல் மேல் தப்பில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

படி 2: சைட்டைக் கவனியுங்கள்

சைட் என்றால் குறிபார்க்க பிஸ்டலின் மேல் இருக்கும் அடையாளம். இதில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் ஏறக்குறைய 10 செ.மீ.தான் இடைவெளி. முழு அளவுப் பிஸ்டலான கிளாக் 17இல் 16 செ.மீ.க்கு மேல். முன் சைட் ஒரே ஒரு மி.மீ. விலகினால் 7 கஜத்தில் குட்டியின் தோட்டா 64 மி.மீ. தள்ளிப் போகும்; கிளாக்கில் 40ஐத் தாண்டாது. அதே கைதான், தப்பு மட்டும் பெரிதாகிறது. பழைய எல்சிபியில் (முதலில் வந்த மாடல்) சைட் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். அதன் மேல் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தேன். அசிங்கமாக இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது.

படி 3: பிடி

சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. அதை அடியில் மடக்கி வைக்கலாம். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடியுங்கள். குழல் குட்டையானது, அடுத்த கையின் விரல் குழல் வாய்க்கு முன்னால் போய்விடவே கூடாது.

படி 4: தோட்டா இல்லாமல் பயிற்சி

பெரும்பாலான பலன் இங்கேதான். மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) இழுத்து உள்ளே கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். தோட்டா துளைக்காத சுவரைப் பார்த்து நில்லுங்கள். ட்ரிகரை வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். 'கிளிக்' கேட்கும் நொடியில் முன் சைட் தலையாட்டக் கூடாது. பழைய எல்சிபியில் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஸ்லைடைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ட்ரிகர் செத்துக் கிடக்கும். தினம் பத்து நிமிடம் போதும்.

படி 5: டம்மி வைத்து உங்களையே பிடியுங்கள்

ரேஞ்சில் நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நடுவில் ஒன்றிரண்டு டம்மி தோட்டா கலந்து நிரப்பச் சொல்லுங்கள். டம்மி வரும்போது வெடிக்காது. ஆனால் பின்னுதைக்குப் பயந்து கை முன்கூட்டியே கீழே அமுக்குவது பளிச்சென்று தெரியும். வலக்கைக்காரருக்குத் தோட்டா இடப்பக்கம் கீழே விழுவதற்கு வழக்கமான காரணம் இதுதான். முதல் முறை எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

படி 6: தூரம்

3 கஜத்தில் தொடங்குங்கள். காகிதத் தட்டுக்குள் ஐந்தும் விழுந்தால் 5, அப்புறம் 7. ஒரே நாளில் 50 தோட்டாவுக்கு மேல் வேண்டாம். உள்ளங்கை எரிய ஆரம்பித்தால் பழைய பயம் திரும்ப வந்துவிடும்.

இன்னொன்று: பழைய எல்சிபியில் கடைசித் தோட்டா வெடித்த பிறகும் ஸ்லைடு பின்னால் நிற்காது. காலி என்று நினைத்துக் கீழே வைக்காதீர்கள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, உள்ளே பார்த்துவிட்டு வையுங்கள்.