கர்னலுக்கு லோடு குடுக்கும்போது நாம பண்ணுத தப்புங்க

லினக்ஸ் கர்னல (ஹார்டுவேரையும் ப்ரோக்ராமையும் மேய்க்குத நடு மென்பொருள்) சோதிக்கதுக்கு லோடு போட்டுட்டு, டாப்ல (சிபியூ எவ்வளவு ஓடுதுன்னு காட்டுத கமாண்டு) எட்டு கோரும் நூறு சதவீதம் காட்டுது, ராத்திரி பூரா ஓடுச்சு, மெஷின் விழல, அதனால கர்னல் ஸ்டெடின்னு சொல்லுதாவ பாருங்க, அங்கனதான் மொத தப்பே இருக்கு. ஸ்ட்ரெஸ்-என்ஜிங்குத லோடு குடுக்குத டூல்ல சிபியூ லோடு மட்டும் போட்டா அது பாட்டுக்கு யூசர் பக்கம் (கர்னலுக்கு வெளிய) கணக்கு போட்டுட்டு கெடக்கும், கர்னலுக்குள்ள டைமர், ஷெட்யூலர் தவிர பெருசா ஒண்ணும் நடக்காது. கர்னல் பல தடவ விழுறது ரெண்டு சிபியூ ஒரே லாக்குக்கு (ஒரு டேட்டாவ ஒரு நேரத்துல ஒரு ஆளு மட்டும் தொடட்டும்னு போடுத பூட்டு) முட்டி மோதும்போதுதான். ஃபோர்க் (புது ப்ராசஸ் உண்டாக்குதது), எம்மேப் (மெமரிய மேப் பண்ணுதது), ஒரே டைரக்டரிக்குள்ள நூறு ப்ராசஸ் ஃபைல் உண்டாக்கி அழிக்கது, ரேம் பத்தாம டிஸ்க்குல இருக்க ஸ்வாப்புக்கு போறது, எல்லாத்தையும் சேத்து ஓட்டுங்க.

அதையும் ஒரே சீரா ஓட்டாதிய. நம்ம நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ரத வீதியில நேரா போறப்ப ஒண்ணும் தெரியாது, முக்குல திரும்பும்போதுதான் சக்கரத்துக்கு தடி போடுதவங்க பாடு தெரியும். அதே மாதிரி லோட திடீர்னு ஏத்துங்க, எறக்குங்க, ஓடிட்டு இருக்கும்போதே ஒரு சிபியூவ ஆஃப்லைன் பண்ணி திரும்ப ஆன் பண்ணுங்க.

அடுத்தது லாக் ஃபைல், பூட்டு இல்ல, கர்னல் எழுதி வைக்குத மெசேஜ் பதிவு. பாளையங்கோட்டையில நாங்க ஓட்டுன ஒரு மெஷின் விடியக்காலம் பாத்தா உறைஞ்சி நிக்குது, கேப்ஸ் லாக் லைட்டு கூட மாறல, ரீபூட் பண்ணி பாத்தா டிஸ்க்குல கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரி கூட இல்ல. தொங்கிப்போன கர்னல் டிஸ்க்குல எப்படி எழுதும்? அப்புறம் ஒரு பழைய லேப்டாப்ப சீரியல் கேபிள்ல மாட்டி கர்னல் மெசேஜ அதுல பிடிச்சோம் (கேபிள் இல்லன்னா நெட்வொர்க் வழியா மெசேஜ் அனுப்புத நெட்கன்சோல் போடுங்க), அடுத்த தடவ சிபியூ 3, 22 செகண்டா ஸ்டக்னு சாஃப்ட் லாக்கப் (ஒரு சிபியூ கர்னலுக்குள்ளயே மாட்டிக்கிட்டு வேற வேலைக்கு விடாம நிக்குதது) மெசேஜ் வந்துச்சு. நாங்க மூணாவது சிபியூவோட ட்ரேஸ்ல (எந்த ஃபங்ஷன் எதக் கூப்பிட்டுச்சுங்குத பட்டியல்) இருந்த ஃபங்ஷனையே ரெண்டு நாளு தோண்டுனோம், ஆனா அது பாவம் ஸ்பின்லாக்குக்கு (கெடைக்குத வர சிபியூ சுத்திக்கிட்டே காத்து நிக்குத லாக்) காத்துட்டு நின்ன ஆளு, லாக்க கையில வச்சிக்கிட்டு விடாம சுத்துனது ஆறாவது சிபியூ. கத்துதவன் வேற, கெடுத்தவன் வேற. எல்லா சிபியூ பேக்ட்ரேஸும் வர மாதிரி செட்டிங்க மொதல்லயே போட்டிருந்தா அந்த ரெண்டு நாளு மிச்சம்.

கத்திரி வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல ஓட்டுனா சூட்டுல சிபியூ வேகத்த கொறச்சிக்கிடும், கேக்குத லோடே போகாது. மோசமான ரேமும் கர்னல் பக் மாதிரியே வேஷம் போடும், அதனால மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓட்டிட்டு, நல்லா ஓடுதுன்னு தெரிஞ்ச பழைய கர்னல்லயும் அதே லோட போட்டு பாத்துட்டு பேசுங்க. இன்டெல் மெஷின்ல பாஸ் ஆனது ஏஆர்எம்லயும் ஓடும்னு நெனைக்காதிய, அங்க மெமரி ஆர்டரிங் (மெமரில படிக்குத, எழுதுத வரிச) ரொம்ப தளர்வு, மறந்துபோன பேரியர் (அந்த வரிசைய மாறாம காக்குத கட்டள) அங்கதான் வெளிய வரும்.

லாக் எடுக்குத வரிசைய சோதிக்குத லாக்டெப் 2006லயே கர்னலுக்குள்ள வந்துட்டு, இன்னும் பல பேரு ஆன் பண்ணாமலே டெஸ்ட் பண்ணுதாவ. டெட்லாக் (ரெண்டு பேரும் அடுத்தவன் லாக்குக்கு காத்து நின்னு ரெண்டும் நகராம போறது) நடக்கதுக்கு முன்னாலயே லாக் வரிச தப்புன்னு சொல்லிடும். ஆனா அது டைமிங்க மாத்திடும், சில ரேஸ் (யாரு முந்துதாங்கதப் பொறுத்து வர பக்) ஒளிஞ்சிக்கிடும், அதனால அது இருக்க கர்னல்லயும் ஓட்டணும், இல்லாத கர்னல்லயும் ஓட்டணும். இன்னொண்ணு, மொத ரிப்போர்ட் குடுத்த ஒடனே லாக்டெப் தானா ஆஃப் ஆயிடும், அதுக்கப்புறம் மூணு நாளு ஓட்டுனாலும் வாயத் தொறக்காது, அதனால ரிப்போர்ட் வந்த ஒடனே அத எடுத்து வச்சிட்டு, சரி பண்ணிட்டு, ரீபூட் பண்ணி மறுபடி மொதல்லேர்ந்து ஓட்டுங்க.