யூத நண்பர் வீட்டுக்கு மெசூசா: வாங்குவதும் பராமரிப்பதும்

புதுவீடு போகும் யூத நண்பருக்கு மெசூசா, அதாவது மறைவசனம் எழுதிக் கூட்டில் வைத்து வாசல் நிலைக்காலில் பொருத்தும் சுருள், பரிசளிக்க நினைக்கிறீர்களா? கடையில் வெள்ளி, மரம், கண்ணாடி என்று அழகழகான கூடுகளாக எடுத்துக் காட்டுவார்கள். அதில் மயங்க வேண்டாம். மெசூசா என்பது உள்ளே இருக்கும் தோல்சுருள்தான்.

முதல் படி, சுருள். இதை 'கிளாஃப்' என்பார்கள். பதப்படுத்திய தோலில் 'சோஃபர்' எனப்படும் எழுத்தர் இறகுப் பேனாவால் எழுதியிருக்க வேண்டும். யூத மறைநூலான உபாகமத்தின் இரண்டு பகுதிகள் (6:4-9, 11:13-21), 22 வரிகள், 713 எழுத்துகள். ஓர் எழுத்து விடுபட்டாலும் செல்லாது. பிற்பாடு அதை மட்டும் நுழைத்துவிடவும் முடியாது, ஏனென்றால் எழுத்துகள் வரிசைப்படிதான் எழுதப்பட வேண்டும். சில கடைகளில் கூட்டுக்குள் அச்சடித்த காகிதத்தை வைத்து விற்கிறார்கள். அது மெசூசாவே இல்லை. சுருள் பார்த்து வாங்கத் தெரியாதென்றால் கூடு மட்டும் கொடுங்கள். சுருளை அவர்களே ரபியிடம் (யூத மதகுரு) கேட்டு வாங்கிக்கொள்வார்கள். சுருளை மடிக்கக் கூடாது, அதனால் கூடு போதிய நீளம் இருக்கட்டும்.

அடுத்து, பொருத்துவது. இது வீட்டுக்காரர் வேலை. உள்ளே நுழையும்போது வலப்பக்க நிலைக்கால். அதன் உயரத்தை மூன்றாகப் பிரித்தால் மேல் பங்கின் அடிப்பகுதி. ஆசி சொல்லிவிட்டு, மேலும் கீழும் ஆணி அடிப்பார்கள். நல்ல இருபக்க ஒட்டுநாடாவும் போதும். செஃபார்டி (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்) வீடுகளில் நேராக நிற்கும், அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்) வீடுகளில் மேல்முனை உள்பக்கம் சாய்ந்திருக்கும். செங்குத்தாக வேண்டும் என்றார் இடைக்கால யூத அறிஞர் ராஷி, படுக்கைவாட்டில் என்றார் அவருடைய பேரன் ரபேனு தாம். சாய்வு அந்த இரண்டுக்கும் நடுவில் வந்த சமரசம்! அறைகளின் வாசலுக்கும் உண்டு, குளியலறை, கழிப்பறைக்குக் கிடையாது. இஸ்ரேலுக்கு வெளியே வாடகை வீடென்றால் பொருத்த 30 நாள் அவகாசம்.

அப்புறம் பராமரிப்பு. ஈரமும் வெயிலும்தான் எதிரி, மை உதிர்ந்துவிடும். வெளிவாசல் சுருளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். பெயின்ட் அடிக்குமுன் கழற்றிவிடுங்கள். 7 ஆண்டுகளில் இரண்டு முறை சோஃபரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். கெட்டுப்போன சுருளைக் குப்பையில் போடாமல் யூத ஜெப ஆலயத்தில் கொடுத்தால் முறைப்படி புதைப்பார்கள்.

வீடு மாறும்போது, அடுத்து வருபவர் யூதர் என்றால் மெசூசாவை விட்டுச்செல்ல வேண்டும். விலையுயர்ந்த கூட்டை எடுத்துக்கொண்டு, சுருளைச் சாதாரணக் கூட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.