மக்னீசியமா, கால்சியமா? அனாமலஸ் மேப்பைக் கேளுங்கள்

சேலத்துக்காரருக்கு மக்னீசியத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளைக்கல் வெட்டும் ஊர். அதற்காக, எக்ஸ் கதிர்ப் படிகவியலில் கட்டும் புரத மாடலில் பச்சைக் குமிழ் (எலக்ட்ரான் அடர்த்தி இருந்தும் இன்னும் அணு வைக்காத இடம்) தெரிந்த இடத்திலெல்லாம் மக்னீசியத்தை வைத்துவிடக் கூடாது. அது கால்சியமாகவோ சோடியமாகவோ வெறும் தண்ணீராகவோ இருக்கலாம்.

சில அணுக்கள் எக்ஸ் கதிரை உறிஞ்சுவதால் ஃப்ரீடெல் ஜோடியின், அதாவது ஒன்றுக்கொன்று நேரெதிரான இரு சிதறல் புள்ளிகளின், இரண்டு செறிவுகளும் சமமாக வருவதில்லை. அந்த வித்தியாசத்தைக் கொண்டு ஃபேஸ் (அலையின் கட்டம்; மேப் போட இது வேண்டும்) காணலாம் என்று ராமச்சந்திரனும் ராமனும் 1956-லேயே சென்னையில் இருந்து எழுதினார்கள். நமக்கு இங்கே வேண்டியது அதைவிடச் சுலபம்: ஃபேஸ் மாடலிலிருந்தே வரும், அதை 90 டிகிரி பின்னுக்குத் தள்ளி, அந்த வித்தியாசத்தை வைத்து மேப் (இதுதான் அனாமலஸ் மேப்) போட்டால் உறிஞ்சும் அணுக்கள் மட்டும் எழுந்து நிற்கும்.

முதலில் டேட்டா. படிக டேட்டாவைச் செயலாக்கும் எக்ஸ்டிஎஸ் மென்பொருளில் ஃப்ரீடெல்ஸ் லா வரியை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஜோடிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்ட கோப்பிலிருந்து இந்த மேப் வரவே வராது. புரத அமைப்புகளின் பொதுக் களஞ்சியமான பிடிபியில் இறக்கிய டேட்டா என்றாலும் ஜோடியின் இரு செறிவுகளும் (பிளஸ், மைனஸ்) தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, சந்தேக அணுவை நீக்கிவிட்டு ஃபீனிக்ஸ் மென்பொருளில் ரிஃபைன் செய்யுங்கள் (மாடலை டேட்டாவோடு பொருத்துங்கள்). வரும் எம்டிஇஸட் கோப்பில் அனாம் மேப்பும் இருக்கும். மாடலையும் மேப்பையும் காட்டும் கூட் (Coot) மென்பொருளில் திறந்து, மேப்பின் வரம்பை 4 சிக்மாவில் (மேப்பின் சராசரி ஏற்ற இறக்கத்தின் 4 மடங்கில்) வையுங்கள்.

உலோகத்துக்கு அவசரப்படாதீர்கள், சல்ஃபரைப் பாருங்கள். கோழி முட்டை லைசோசைமில் 10 சல்ஃபர்: 8 சிஸ்டீனில், 2 மெத்தியோனினில். அவையே தெரியாவிட்டால் சிக்னல் போதவில்லை; உலோக இடம் காலியாக இருப்பதற்கும் அர்த்தமில்லை. சல்ஃபர் இருக்கவேண்டிய இடத்தில் குழி விழுந்தால் பிளஸும் மைனஸும் இடம் மாறியிருக்கின்றன. லைசீன் வைத்த இடத்தில் சிகரம் வந்தால் புரதச் சங்கிலி ஓரிரு ரெசிடியூ (அமினோ அமிலம்) நழுவியிருக்கலாம். பக்கத்தில் மெத்தியோனினைத் தேடுங்கள்.

ஆய்வகக் கருவியின் தாமிரக் குழாய் தரும் 1.54 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் எஃப் டபுள் பிரைம் (அணுவின் உறிஞ்சலைச் சொல்லும் எண்; கூடினால் சிகரமும் உயரும்) மதிப்புகள் ஏறத்தாழ இவை: சோடியம் 0.12, மக்னீசியம் 0.18, சல்ஃபர் 0.56, குளோரின் 0.7, பொட்டாசியம் 1.1, கால்சியம் 1.3. சிங்க்ரோட்ரானில் (துகள் முடுக்கி தரும் எக்ஸ் கதிரில்) 1 ஆங்ஸ்ட்ராமுக்குப் போனால் சல்ஃபர் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

சல்ஃபரைவிட உயரமான சிகரம், சுற்றிலும் ஆக்சிஜன்கள் 2.4 ஆங்ஸ்ட்ராமில்: கால்சியம். பாதி இடமே நிரம்பியிருந்தால் அதுவும் சல்ஃபர் உயரத்துக்குக் குறையும், ஏமாறாதீர்கள். அதே 2.4 தூரம், சிகரமே இல்லை: சோடியத்தை யோசியுங்கள். சிகரம் இல்லாமல் ஆறு ஆக்சிஜன்கள் 2.1-இல் எண்முகமாக நின்றால், அங்கே மக்னீசியத்தை வைக்கலாம்.