கடல் மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. வாங்கும் முன் உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள்

கடல் மீன் தொட்டி வைக்கப்போகிறேன், எந்த ஆர்.ஓ. வாங்கலாம் என்று யார் கேட்டாலும், உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா, இல்லை அபார்ட்மென்ட் சம்ப்பில் மூன்றும் கலந்து மேலே ஏறுகிறதா? சென்னையில் இதைத் தெரிந்துகொள்ளாமல் மெஷின் வாங்கினால் காசு தண்டம். புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் ஒரு மாதிரி, நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது இன்னொரு மாதிரி, கடற்கரையோரப் பகுதிகளில் உப்பு ஏறிப்போன போர் தண்ணீர் முற்றிலும் வேறு மாதிரி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் டிடிஎஸ். மெட்ரோ தண்ணீரில் 300 காட்டும் டிடிஎஸ் மீட்டர் அதே வீட்டு போரில் 1,500 காட்டலாம்.

அதனால் முதலில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டரை வாங்கி ஒரு வாரம் அளந்து பாருங்கள். காலையில் ஒரு தடவை, மோட்டார் போட்ட பிறகு ஒரு தடவை, லாரி வந்த அன்று ஒரு தடவை. எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வரும் எண்களில் மோசமான எண் எதுவோ அதற்குத்தான் மெஷின் வாங்க வேண்டும், சராசரிக்கு அல்ல.

சரி, கடல் தண்ணீரே உப்புதானே, அதில் ஊற்றும் தண்ணீர் ஏன் 0 டிடிஎஸ் ஆக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், மற்றதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். நம் ஊர் மே மாத வெயிலில், மேலே ஃபேன் ஓடும் 200 லிட்டர் தொட்டியில் தினம் 3 லிட்டருக்கு மேல் குறைவது சாதாரணம். மாதத்துக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100 லிட்டரையும் 300 டிடிஎஸ் உள்ள குழாய்த் தண்ணீரால் நிரப்பினால் மாதம் 30 கிராம் ஏதோ ஒன்று உள்ளே போய்ச் சேர்கிறது. அது வெறும் கால்சியமாக இருந்தால் பரவாயில்லை. அதில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா என்று எது எவ்வளவு என்பது மீட்டருக்குத் தெரியாது. பாசி பிடிப்பதும், மணல் மேல் பழுப்புப் பொடி போலப் படர்வதும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

இப்போது மெஷினுக்கு வருவோம். தேவையானவை நான்கு: அழுக்கை நிறுத்தும் ஸ்பன் ஃபில்டர், குளோரினை எடுக்கும் கார்பன் பிளாக், உப்பை நிறுத்தும் மெம்ப்ரேன், கடைசியாக அதையும் தாண்டி வருவதைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின். ஸ்பன் 5 மைக்ரான் போதும், லாரித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் அதற்குப் பின் 1 மைக்ரான் ஒன்றும் போடலாம். கார்பனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இன்று எல்லா இடத்திலும் விற்கும் மெம்ப்ரேன்கள் குளோரின் பட்டால் கெட்டுப்போகும், லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை தூக்கலாக வரும் நாட்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். குச்சி மாதிரி இருக்கும் சின்ன இன்லைன் கார்பனை விட, 10 இன்ச் ஹவுசிங்கில் போடும் கார்பன் பிளாக் எவ்வளவோ மேல். ஹவுசிங் கண்ணாடி போல இருந்தால் ஸ்பன் எப்போது காபி நிறத்துக்கு மாறுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

சமையலறையில் ஏற்கெனவே ஒரு ஆர்.ஓ. இருக்கிறதே, அதிலிருந்தே பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதன் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து டி.ஐ. போட்டு ஒரு வருடம் ஓட்டினேன், நன்றாகவே இருந்தது. ஒரு நாள் நான் ஆபீஸில் இருந்தபோது சர்வீஸுக்கு ஒருவர் வந்திருக்கிறார். "அம்மா, டிடிஎஸ் ரொம்பக் கம்மியா இருக்கு, தண்ணி சப்புன்னு இருக்குமே" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு டிடிஎஸ் கன்ட்ரோலர் திருகைத் திருப்பிவிட்டு, பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றை எடுத்துவிட்டு காப்பர் கார்ட்ரிட்ஜ் போட்டுப் போயிருக்கிறார். குடிக்கிற தண்ணீருக்கு அவர் செய்தது தப்பே இல்லை. ஆனால் அந்தத் திருகு, மெம்ப்ரேனுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கொண்டுவந்து சுத்தமான தண்ணீரோடு கலக்கும். ரெசினுக்கு வந்துகொண்டிருந்த 9 டிடிஎஸ், 70 ஆகிவிட்டது. ரெசின் சில நாளில் தீர்ந்துவிட்டது, அப்புறம் வந்ததெல்லாம் நேராகத் தொட்டிக்குள்.

முதலில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. மறுநாள் காலை என் க்ளீனர் ஷ்ரிம்ப், சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடுமே அது, பாறை ஓரமாக மணலில் மல்லாந்து கிடந்தது. மீசைகள் அப்போதும் லேசாக அசைந்துகொண்டிருந்தன. கையை உள்ளே விட்டால் விரலில் ஏறி நகத்தைச் சுரண்டும் இறால் அது. அன்று விரலை நீட்டியபோது காலை ஒருமுறை மடக்கியது, அவ்வளவுதான். மீன்கள் எதுவும் நடக்காதது போலத் தீனி தின்றுகொண்டிருந்தன. காப்பர் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மீன் ஓரளவு தாங்கும் செம்பை இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது.

ஆகவே சமையலறை மெஷினைத்தான் பயன்படுத்துவேன் என்றால், மெம்ப்ரேனை விட்டு வெளியே வரும் இடத்திலேயே 'T' வடிவ இணைப்பு போட்டு தண்ணீரை எடுங்கள். டிடிஎஸ் கன்ட்ரோலர், மினரல் கார்ட்ரிட்ஜ், காப்பர் எல்லாம் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். ப்ரீ ஃபில்டரில் வெள்ளைக் கண்ணாடிக் குண்டுகள் போல ஆன்டிஸ்கேலன்ட் போடுவார்கள், அது பெரும்பாலும் பாஸ்பேட் வகை, அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் தொட்டிக்குத் தனி மெஷின்தான். ஆர்.ஓ. ஸ்பேர்ஸ் கடையில் ஹவுசிங், மெம்ப்ரேன், பம்ப், அடாப்டர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும், மாட்டுவதும் கஷ்டமில்லை. யாரும் வந்து திருகைத் திருப்ப மாட்டார்கள்.

பம்ப் கட்டாயம். வெளிநாட்டு வீடியோக்களில் குழாயில் நேராக மாட்டிவிடுகிறார்கள், அங்கே லைனிலேயே பிரஷர் இருக்கிறது. நமக்கு மொட்டை மாடி டேங்கிலிருந்து வருகிறது, 10 அடி உயரத்துக்குச் சுமார் 4 பிஎஸ்ஐதான் கிடைக்கும். மெம்ப்ரேனுக்கு 50 பிஎஸ்ஐ-க்கு மேல் வேண்டும். பிரஷர் குறைந்தால் தண்ணீர் மெதுவாக வருவது மட்டுமல்ல, உப்பும் கூடுதலாகத் தப்பி வரும். 24 வோல்ட் பூஸ்டர் பம்ப்பும், மெம்ப்ரேனுக்கு முன் ஒரு பிரஷர் கேஜும் போட்டுவிட்டால் நிம்மதி.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 75 ஜிபிடி என்றால் நாளுக்கு 75 கேலன், சுமார் 284 லிட்டர், மணிக்குப் பன்னிரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 200 லிட்டர் தொட்டிக்கு வாரம் 20 லிட்டர் மாற்றவும் 25 லிட்டர் நிரப்பவும் என்று வைத்தாலும் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நல்ல மெம்ப்ரேன் உப்பில் 97, 98 சதவீதத்தை நிறுத்தும். மெட்ரோவின் 300 வந்தால் 6 முதல் 9 தாண்டும், போரின் 1,500 வந்தால் 30 முதல் 45 தாண்டும். மீதியைப் பிடிப்பது ரெசின் வேலை, அதனால் போர் வீட்டில் ரெசின் ஐந்து மடங்கு வேகமாகத் தீரும். மெஷினை விட ரெசின் செலவுதான் வருடக்கணக்கில் உங்களை வாட்டும் என்பதால், மெட்ரோ தண்ணீர் தனிக் குழாயில் வரும் வீடாக இருந்தால் அந்த நேரம் பார்த்துப் பிடித்துவிடுங்கள். வேறு வழியில்லை, போர்தான் என்றால் அபார்ட்மென்ட் சாஃப்டனருக்குப் பின்னாலிருந்து எடுங்கள். சாஃப்டனர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது, தண்ணீரிலிருந்து கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், அவ்வளவே. ஆனால் மெம்ப்ரேனில் உப்புப் படியாமல் காப்பாற்றும்.

டிடிஎஸ் எல்லாம் சரியாக இருந்தும் ரெசின் இரண்டு வாரத்தில் தீர்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது கார்பன் டை ஆக்சைடு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இந்த வாயுவை மெம்ப்ரேன் நிறுத்தாது, மீட்டரும் அதைச் சரியாகக் காட்டாது, ஆனால் ரெசினைத் தின்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் கல்லை இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் ரெசின் வழியாக அனுப்புங்கள். சாதாரண வேலைதான், பெரிய வித்தியாசம் தெரியும். ரெசின் நிறம் மாற ஆரம்பித்ததும் மாற்றிவிடுங்கள். முழுக்கத் தீர்ந்த ரெசின், பிடித்து வைத்த சிலிக்கா போன்றவற்றைத் திரும்ப வெளியே விடும்.

மெஷினைப் போட்டதும் முதல் சில நிமிடம் வரும் தண்ணீரைக் கீழே விடுங்கள், நின்றுகொண்டிருந்த மெம்ப்ரேனில் அந்த நேரத்தில் டிடிஎஸ் எகிறும். ரெசினுக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே அதைக் கழித்துவிட்டால் ரெசின் மிச்சம். வேஸ்ட் பைப்பில் போகும் தண்ணீர், கிடைப்பதைப் போல மூன்று மடங்கு வரும். 2019 கோடையில் குடத்தோடு நின்ற ஊரில் அதைச் சாக்கடையில் விட மனது வராது, துடைக்கவும் டாய்லெட்டுக்கும் பிடித்து வையுங்கள், செடிக்கு மட்டும் வேண்டாம்.

கேன் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். ஒவ்வொரு கேனுக்கும் டிடிஎஸ் மாறும், 0 வராது. பேட்டரிக்கு விற்கும், உப்பு நீக்கிய டி.எம். வாட்டர் என்றால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். பெசன்ட் நகரில் கடல் தண்ணீரை நேராக மொண்டு வரலாமே என்பவர்களுக்கு: பக்கத்திலேயே அடையாறு முகத்துவாரம் இருக்கிறது, மழைக்காலத்தில் உப்பும் குறையும்.

பிடித்த தண்ணீரை உணவுக்கான பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வையுங்கள், கெமிக்கல் வந்த பழைய நீல டிரம் வேண்டவே வேண்டாம், உள்ளே பித்தளை வால்வும் வேண்டாம். நவம்பர் பிறந்ததும் நான் 60 லிட்டர் டிரம் இரண்டை நிரப்பிவிடுவேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் இறங்கிவிட்டது, கரன்டும் இல்லை, பேட்டரி ஏர் பம்ப் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்கத் தொட்டிக்கு அந்த இரண்டு டிரம்மிலிருந்துதான் சொம்பால் மொண்டு ஊற்றினேன்.