பழைய பாய்மரப் படகில் தெற்கே கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

கலிபோர்னியாவில் பழைய பாய்மரப் படகு வாங்கிய ஆட்களில் பாதிப் பேருக்கு ஒரு கட்டத்தில் மெக்ஸிகோ ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. சான் டியாகோவிலிருந்து மெக்ஸிகோவின் காபோ சான் லூகாஸ் ஏறக்குறைய 750 கடல் மைல், காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து முதுகில் தள்ளும், போவது சுலபம் என்பார்கள். சுலபம்தான். அந்த நினைப்பில்தான் பலர் படகைச் சரியாகப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள்.

காசை எங்கே போடுவது என்பதில்தான் பெரும்பாலும் முதல் கோளாறு. புது ஜிபிஎஸ் திரை, ரேடார் எல்லாம் வாங்கி மாட்டுவது ஜாலியான வேலை. நாற்பது வருடத்து போல்ட்டைக் கழற்றுவது அப்படியில்லை. என்னுடையது 1978-ல் செய்த 34 அடி ஃபைபர்கிளாஸ் படகு. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகள் பளபளவென்றுதான் இருந்தன. அந்தக் கம்பிகளின் அடியில், படகின் உடம்போடு இறுக்கிய ஸ்டீல் பட்டைகள் இருக்கும், செயின்பிளேட் என்பார்கள். அது மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிற அந்த ஓரிரு அங்குலத்தை யாரும் பார்ப்பதே இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் ஆக்சிஜன் படவேண்டும். உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றே படாமல் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். கழற்றினேன். மேலே கண்ணாடி மாதிரி, கீழேயும் கண்ணாடி மாதிரி, நடுவில் மட்டும் காபிக் கறை போல ஒரு கோடு. நகத்தை வைத்து நெருடினால் விரிசல் தட்டுப்பட்டது. ஆறில் இரண்டு அப்படி. ஒன்று அறுந்தாலும் மரமே சாயலாம். கம்பிகளுக்கு எத்தனை வயது என்று தெரியாவிட்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், பத்துப் பதினைந்து வருடம் என்பது பொதுவான கணக்கு, காப்பீட்டுக்காரர்களும் அதைக் கேட்பதுண்டு.

மேல்தளத்தையும் சும்மா விடாதீர்கள். பல பழைய படகுகளில் இரண்டு ஃபைபர்கிளாஸ் அடுக்குக்கு நடுவே பால்சா மரம் வைத்திருப்பார்கள், ஏதோ ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது ஊறிப்போயிருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி தட்டிக்கொண்டே போங்கள், ‘டக் டக்’ என்று வந்த சத்தம் ‘தொப்’ என்று மாறுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வால்வுகளையும் சுரண்டிப் பார்க்கவேண்டும். வெண்கலம் என்று நம்பிக்கொண்டிருப்பது பித்தளையாக இருந்து, சுரண்டின இடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், அதிலிருந்த துத்தநாகம் போய்விட்டது என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு கடலுக்குப் போகாதீர்கள்.

அப்புறம் டீசல். துறையில் கட்டிப்போட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘எஞ்சின் கனகச்சிதம்’ என்று சொல்வது நான் செய்த தவறு. பழைய டேங்க்கின் அடியில் வருடக்கணக்காகத் தண்ணீரும் நுண்ணுயிர் வளர்ந்த வண்டலும் படிந்து கிடக்கும், துறையில் அது அசையாது. கலிபோர்னியாக் கரையில் பாயிண்ட் கன்செப்ஷன் முனையைத் தாண்டும்போது நாலைந்து மணி நேரம் அலை போட்டு உலுக்கினதில் எல்லாம் கலங்கி மேலே வந்து ஃபில்டர் அடைத்துக்கொண்டது. எஞ்சின் எப்போது நின்றது என்றால், இருட்டின பிறகு நங்கூரம் போடக் கரையை நெருங்கும்போது. ஊரில் தாத்தாவின் டீசல் பம்ப்செட்டில் ஏர் எடுத்த, அதாவது எரிபொருள் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றின பழக்கம் இருந்ததால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எப்படியோ ஓட வைத்தேன். டேங்க்கைத் திறந்து கழுவியே ஆகவேண்டும், ஒரு டஜன் ஃபில்டர் கையில் இருக்கவேண்டும், ஏர் எடுப்பதைத் துறையிலேயே இரண்டு மூன்று முறை செய்து பழகவேண்டும்.

நங்கூரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். துறையிலேயே வாழ்ந்த படகில் இருக்கும் நங்கூரம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் நங்கூரம். 1982 டிசம்பரில் காபோ சான் லூகாஸில் திறந்த விரிகுடாவுக்குள் புயல்காற்று நேராகக் கரையைப் பார்த்து அடித்ததில் ஒரே இரவில் இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் மணலில் ஏறின. அவற்றில் ஒன்று புகழ்பெற்ற பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியேவின் ‘ஜோஷுவா’, உலகை ஒன்றரைச் சுற்று நிற்காமல் சுற்றிவந்த இரும்புப் படகு. அவருக்கே அந்த கதி. ஒரு சைஸ் பெரிய நங்கூரமும் நல்ல நீளச் சங்கிலியும் வாங்குங்கள். கணக்குப் போடும்போது தண்ணீரின் ஆழத்தோடு, படகின் முன்முனை தண்ணீருக்கு மேலே நிற்கும் உயரத்தையும், ஓதம் ஏறுவதையும் சேர்த்து, அதற்கு ஐந்து மடங்காவது சங்கிலி விடவேண்டும். காற்று திசை மாறினால் ராத்திரியானாலும் கிளம்பிவிடவேண்டும்.

மின்சாரத்தில் ஏமாறுவது ஃபிரிட்ஜால்தான். சான் பிரான்சிஸ்கோவின் குளிரில் சமர்த்தாக இருந்த ஃபிரிட்ஜ், தெற்கே போகப்போக நிற்காமல் ஓட ஆரம்பிக்கும். 5 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளைக்கு 60 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியில் எழுதியிருப்பதில் பாதியைத்தான் எடுக்கலாம். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய படகுக்கென்றே ஒரு காகிதச் சிக்கலும் உண்டு. மெக்ஸிகோவுக்குள் படகைக் கொண்டுபோகத் தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்கவேண்டும், பத்து வருடம் செல்லும். உங்களுக்கு முன்னால் படகை வைத்திருந்தவர் அங்கே போய் அனுமதி வாங்கிவிட்டு ரத்து செய்யாமல் விற்றிருந்தால், அதே படகுக்கு உங்கள் பெயரில் இன்னொன்று வாங்குவதற்குள் உயிர் போய்விடும். படகு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கிழக்குப் பசிபிக்கில் புயல் பருவம் மே 15 முதல் நவம்பர் 30 வரை, அது ஓயப்போகும் சமயத்தில் கிளம்ப நிறையப் பேர் அக்டோபர் கடைசியில் சான் டியாகோவில் வந்து குவிவார்கள். அந்தத் தேதியைப் பிடிக்கக் கடைசி வாரம்வரை துறையிலேயே ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்து, ஓர் இரவுகூட வெளியே ஓட்டிப் பார்க்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு பயமாக இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து என்றால் மான்டரேவரை ஒரு ராத்திரி போய் வாருங்கள். அந்த ஒரு பயணத்தில் என் வேலைப் பட்டியலில் 23 புது வரிகள் சேர்ந்தன, அதில் ஒன்றுகூட துறையில் நின்றபோது தெரிந்ததில்லை. காற்று பின்னாலிருந்து வரும்போது பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் பூம் கட்டை தலைக்குமேல் சடாரென்று பக்கம் மாறாமல் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவதையும் அங்கேயே பழகிக்கொள்ளலாம்.

திரும்பி வருவதையும் இப்போதே யோசியுங்கள். போகும்போது முதுகில் இருந்த அதே காற்று வரும்போது நேர் எதிரே, குத்துகிற அலையோடு நாள்கணக்கில். அந்தச் செயின்பிளேட்கள் முழு இழுவையையும் வாங்குவது அப்போதுதான்.