உங்கள் முகவரியிலிருந்தே உங்களுக்கு வந்த குப்பை மின்னஞ்சலை ஆராயும் முறை

இரணைமடுவை அண்டிய கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர் அண்மையில் தமக்கு வந்த மின்னஞ்சலொன்றைக் காட்டினார். கணக்கைக் கைப்பற்றிவிட்டதாகவும் பிட்கொயினில் பணம் அனுப்ப வேண்டும் என்றும் மிரட்டிய அம்மடலில், அனுப்புநரின் இடத்தில் அவருடைய முகவரியே இருந்தது.

கிளிநொச்சியில் கடிதம் போடுகின்ற ஒருவர், உறையின் பின்புறத்தில் முள்ளியவளையிலுள்ள உங்கள் விலாசத்தை எழுதிவிட்டாலும், தபாலகத்தில் அதை எவரும் சரிபார்ப்பதில்லை. 1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் மின்னஞ்சல் நெறிமுறையும் அனுப்புநர் முகவரியை எழுதியபடியே ஏற்றுக்கொள்கின்றது. ஆகவே விலாசத்தை விட்டுவிட்டு, எங்கிருந்து வந்தது என்று காட்டும் தபாலக முத்திரையைப் பார்க்க வேண்டும்.

முதலில், பதில் எழுதவோ இணைப்பைத் திறக்கவோ பணம் அனுப்பவோ வேண்டாம்.

அடுத்து, அனுப்பிய மடல்கள் இருக்கும் 'சென்ட்' பகுதியைப் பாருங்கள். நீங்கள் எழுதாத மடல்கள் அங்கே இல்லையெனில் பெரும்பாலும் முகவரி மட்டுமே போலியாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது: 2018 ஏப்ரலில், கணக்கு களவுபோகாத ஜிமெயில் பயனர் பலருடைய 'சென்ட்' பகுதியிலும் போலி மடல்கள் தோன்றின.

மூன்றாவது படியே முக்கியமானது. ஜிமெயிலின் கைப்பேசிச் செயலியில் இதற்கு வழியில்லாததால், கணினியில் மடலைத் திறந்து, வலப்புறம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மேலே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகியவற்றின் முடிவுகள் தெரியும். எஸ்.பி.எஃப். என்பது ஒரு டொமைனின் (முகவரியில் '@' குறிக்குப் பின்னால் வரும் பகுதி) பெயரால் அனுப்புவதற்கு எந்தச் சேவையகங்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல்; டி.கே.ஐ.எம். என்பது மடலில் இடப்படும் மின்னொப்பம். இங்கேதான் பலர் தவறுகின்றனர். மோசடிக்காரர் தம் சொந்த டொமைனுக்குரிய எஸ்.பி.எஃப். சோதனையில் தேறிவிட்டு, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் உங்கள் முகவரியை எழுதலாம். சோதனையில் தேறிய டொமைனும் கண்ணுக்குத் தெரியும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது டிமார்க் ஆகும். அது 'ஃபெயில்' என்றிருந்தால், மடல் வேறெங்கிருந்தோ வந்ததென்றே கொள்ளலாம்.

'பாஸ்' என்றிருந்தால் நிலைமை வேறு: உங்கள் கணக்கு வேறொருவர் கையில் இருக்கக்கூடும். உடனே கடவுச்சொல்லை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, உங்கள் மடல்களை வேறு முகவரிக்குத் திருப்பும் அமைப்பு ஏதும் சேர்க்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள்.

மிரட்டல் மடலில் உங்கள் பழைய கடவுச்சொல் இருந்தால் அச்சம் இயல்பே. அது பெரும்பாலும் வேறொரு தளத்திலிருந்து கசிந்ததாகவே இருக்கும். அதை இன்னும் எங்கெல்லாம் பயன்படுத்துகின்றீர்களோ அங்கெல்லாம் மாற்றிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பாத மடல்கள் 'சேரவில்லை' என்று திரும்பி வருவதும் இதனாலேயே. உறையின் பின்புறம் எழுதிய விலாசத்துக்குத்தானே கடிதம் திரும்பும். ஜிமெயில் முகவரி வைத்திருப்பவர் இதைத் தடுக்க இயலாது. அமைப்புக்குச் சொந்த டொமைன் இருந்தால், எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டையும் சரியாக அமைத்து, டிமார்க் கொள்கையை 'ரிஜெக்ட்' என வைக்கும்படி அதை நிருவகிப்பவரிடம் கேளுங்கள்.