பிடித்த பாட்டை நண்பர்களுக்குக் கேட்கக் கொடுப்பது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

எண்பதுகளில் பாட்டுப் பதிந்து தரும் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் பட்டியல் எழுதிக்கொள்ள வேண்டும். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் 30 நிமிடங்கள்தான் அடங்கும். நாலரை நிமிடப் பாட்டுகளாக இருந்தால் ஆறு பாட்டுகள் பிடிக்கும். ஆசைப்பட்டு ஏழாவதையும் சேர்த்தால் கடைசிச் சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்துவிடும். ஆகவே நண்பருக்காகக் கேசட் பதியக் கொடுத்தவர், எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்றுதான் அதிக நேரம் யோசித்தார். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. 200 பாட்டுகள் கொண்ட பிளேலிஸ்ட் ஒன்று 'எல்லாமே அருமை' என்ற குறிப்போடு வந்து சேர்கிறது. பெற்றவர் நன்றி சொல்லிவிட்டு அதைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்.

நான்கைந்து நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, ஒன்றரை மணி நேரத்தில் சில பாட்டுகளையும் ஓர் ஆல்பத்தின் ஒரு பகுதியையும் சேர்ந்து கேட்பதற்கான வழிமுறையை இங்கே விளக்குகிறேன். இதற்கு இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விலை உயர்ந்த கருவிகளும் தேவையில்லை.

முதல் படி: அளவைத் தீர்மானித்தல்

ஒன்றரை மணி நேரம் என்றால் அதில் இசைக்கு 45 நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க வேண்டாம். வருபவர்கள் உட்கார்வதற்கும், காப்பி குடிப்பதற்கும், கேட்டதைப் பற்றிப் பேசுவதற்கும் மீதி நேரம் சரியாகப் போய்விடும். நான்கு பாட்டுகளுக்கு 20 நிமிடம், ஆல்பத்துக்கு 20 முதல் 25 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். பழைய எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவு நேரத்துக்குத்தான் இசை இருந்தது. தட்டைத் திருப்புவதற்காக எழுந்தவர் அப்படியே காப்பி போட உள்ளே போவார்.

இரண்டாம் படி: பாட்டுகளை ஒரு நூலில் கோத்தல்

'எனக்குப் பிடித்தவை' என்பது பட்டியலைக் கோக்கும் நூலாகாது. கேட்பவருக்கு உங்கள் மனம் தெரியாது. அவருடைய காதில் விழக்கூடிய உறவு ஒன்று பாட்டுகளுக்கு இடையில் இருக்க வேண்டும். ஒரே பாடகரின் வெவ்வேறு பத்தாண்டுகள், ஒரே கவிஞரின் வரிகளுக்கு வெவ்வேறு இசையமைப்பாளர்கள் போட்ட மெட்டுகள், ஒரே வாத்தியம் என்று எதையும் எடுத்துக்கொள்ளலாம். திரைப்பாடல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எளிதில் பலன் தரும் நூல் ராகம்.

ரீதிகௌளையை எடுத்துக்கொள்வோம். 'கவிக்குயில்' (1977) படத்தில் இளையராஜாவின் இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 'ஒரு ஓடை நதியாகிறது' (1983) படத்தின் 'தலையைக் குனியும் தாமரையே', ஏ. ஆர். ரகுமானின் இசையில் 'முதல்வன்' (1999) படத்தில் வந்த 'அழகான ராட்சசியே', ஜேம்ஸ் வசந்தனின் இசையில் 'சுப்ரமணியபுரம்' (2008) படத்தில் வந்த 'கண்கள் இரண்டால்' ஆகிய நான்கும் அந்த ராகத்தை ஒட்டி அமைந்தவை. 31 ஆண்டுகளில் வாத்தியங்களும் பதிவு முறையும் பாடும் விதமும் எவ்வளவோ மாறிவிட்டன; ராகத்தின் சாயல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இவற்றை ஆண்டு வரிசையில் போட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். நான் தலைகீழாகப் போடுவேன். 2008இன் பாட்டு இளையவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்த இடத்திலிருந்து புறப்பட்டால் அவர்கள் நம்பிக்கையோடு பின்னால் வருவார்கள். ராகத்தின் பெயரையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். இரண்டாவது அல்லது மூன்றாவது பாட்டில் யாராவது ஒருவர் நிமிர்ந்து, 'இதுவும் அதே மாதிரி இருக்கிறதே' என்பார். அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து பிடுங்கிக்கொள்வது பெரிய தவறு. நானே பல முறை செய்திருக்கிறேன்.

மூன்றாம் படி: ஆல்பத்தை வரிசை குலையாமல் கொடுத்தல்

ஆல்பம் என்பது தனித்தனிப் பாட்டுகளின் மூட்டையாக இல்லாமல் வரிசையோடு அமைக்கப்பட்ட ஒன்றாக இருந்தால், அந்த வரிசையும் படைப்பின் ஒரு பகுதிதான். இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' இதற்கு நல்ல சான்று. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் முதன்மையாக ஒலிக்கிறது. அதில் ஒரு பகுதிக்கு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று பெயர்; அடுத்த பகுதியின் பெயர் 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன், பிறகு இருவரும் பேசிக்கொண்டிருந்தோம் என்று இரண்டு தலைப்புகளும் சேர்ந்தே ஒரு வாக்கியமாகின்றன. வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பொத்தானை அணைக்க மறந்தால், சந்திப்பதற்கு முன்பே உரையாடல் முடிந்துவிடும்.

இந்த ஆல்பத்தை முதன்முறை கேட்பவர்களுக்குக் கொடுக்கும்போது நான் கடைப்பிடிக்கும் ஒரு முறை உண்டு. 'ஐ மெட் பாக்' பகுதியில் வருவது, பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டீட்டாவின் (பல சிறு பகுதிகள் கோத்த இசைத் தொகுப்பின்) முன்னிசை; அவர் கைப்பட எழுதிய பிரதியில் 1720 என்று ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. முதலில் அந்த மூலத்தை யாராவது ஒரு வயலின் கலைஞர் தனியாக வாசித்த பதிவில் போடுங்கள். ஏறக்குறைய நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். உடனே இளையராஜாவின் பகுதியைத் தொடருங்கள். மேற்கத்திய இசையையே கேட்டிராதவருக்குக்கூட, எது விருந்தாளியின் குரல், எது வீட்டுக்காரரின் குரல் என்பது தானாகவே பிரிந்து தெரியும்.

நான்காம் படி: பிரதியையும் விவரங்களையும் சரிபார்த்தல்

இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ்ப் பாட்டுகளில் தவறான விவரங்கள் மிகுதி. 1970களின் பாட்டு, பின்னாளில் வந்த 'சூப்பர் ஹிட்ஸ்' தொகுப்பின் ஆண்டோடு கிடக்கும். சில பிரதிகளில் பிற்காலத்தில் எதிரொலியும் தாள ஓசையும் ஏற்றப்பட்டிருக்கும். ஒரே பாட்டை ஆண் குரலிலும் பெண் குரலிலும் தனித்தனியாகப் பதிந்திருப்பதும் உண்டு. எனவே நீங்கள் போடப்போகும் அதே பிரதியை முந்தைய நாள் முழுவதும் கேட்டுவிடுங்கள்.

படம், ஆண்டு, இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வானொலி அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் இவற்றைச் சொல்லிச் சொல்லித்தான் ஒரு தலைமுறைக்கே கவிஞர்களின் பெயர்கள் தெரிந்திருந்தன. இன்றைய செயலிகளில் முதலில் காணாமற்போவது பாட்டு எழுதியவரின் பெயர்தான். 'கண்கள் இரண்டால்' தாமரை எழுதியது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அந்த அறையில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

ஐந்தாம் படி: அறையையும் கருவியையும் ஒழுங்குசெய்தல்

இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தால் அவற்றைக் கேட்பவர்களை நோக்கி இடைவெளி விட்டு வையுங்கள். ஒற்றைப் புளூடூத் பெட்டியில் இடமும் வலமும் கலந்துவிடுவதால், தந்தி வாத்தியங்கள் எதிரெதிரே நின்று பேசும் இசைக்கு அது போதாது. கைபேசியிலிருந்து போடுவதானால் அழைப்புகளும் அறிவிப்புகளும் குறுக்கிடாதபடி அமைத்து, பட்டியல் முடிந்ததும் செயலி தானாகவே வேறு பாட்டைத் தொடங்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பழைய பதிவும் புதிய பதிவும் அடுத்தடுத்து வரும்போது ஒலியளவு திடுமென ஏறாமல் இருக்க, ஒலியைச் சமப்படுத்தும் வசதியைப் பயன்படுத்தலாம். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வையுங்கள். குக்கரைப் பாட்டுக்கு முன்பே இறக்கிவிடுவது நல்லது.

ஆறாம் படி: முன்னுரையும் மௌனமும்

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு வாக்கியங்கள் போதும். ஒன்றில் விவரங்களைச் சொல்லுங்கள். மற்றொன்றில் காது கொடுக்க வேண்டிய ஓரிடத்தைக் காட்டுங்கள். 'இரண்டாவது சரணத்துக்கு முன் வரும் இடையிசையில் புல்லாங்குழலைக் கவனியுங்கள்' என்பது உதவும். 'இதைக் கேட்டால் அழுதுவிடுவீர்கள்' என்பது உதவாது. அழுகை வராதவர் தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

பாட்டு தொடங்கியபின் பேசாதீர்கள். வெளிநாட்டு இசைத்தட்டுகள் எட்டாத விலையில் இருந்த காலத்தில், ஜப்பானில் ஜாஸ் கிஸ்ஸா எனப்படும் காப்பிக் கடைகளுக்கு மக்கள் இசைத்தட்டு கேட்பதற்காகவே போனார்கள். அவற்றில் பலவற்றில் பேசுவதற்கே அனுமதி இல்லை. நம் வீட்டில் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். ஆனால் அழைத்தவரே 'இதோ வருகிறது, இதோ வருகிறது' என்று தொடையில் தட்டிக்கொண்டிருந்தால் விருந்தினர் இசையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்க்க வேண்டியதாகிவிடும்.

ஏழாம் படி: கேட்டபின் பேசுதல்

'பிடித்திருந்ததா?' என்ற கேள்விக்கு மரியாதைக்காக 'ஆமாம்' என்ற பதில்தான் வரும். 'எந்த இடம் நினைவில் நின்றது?' என்று கேளுங்கள். ஒருவர் தனக்குப் பிடிக்கவில்லை என்றால் வாதாடாமல், எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது என்று விசாரியுங்கள். அவருக்கு அடுத்த முறை எதைக் கொடுக்கலாம் என்பதற்கான குறிப்பு அதில்தான் இருக்கும். பிறகு, வந்தவர்களில் ஒருவர் தமக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போடட்டும். அது உங்கள் நூலில் சேராவிட்டாலும் முழுவதும் கேளுங்கள்.

தொலைவில் இருப்பவர்களுக்கு

வெளியூரில் இருக்கும் நண்பருக்கு ஒரே ஒரு பாட்டை அனுப்புங்கள். கோப்பாக அனுப்பாமல், உரிமை பெற்று வெளியிடப்பட்ட பக்கத்தின் இணைப்பை அனுப்புவதே முறை. கூடவே இப்படி எழுதலாம்: 'கவிக்குயில் படப் பாட்டு, 1977, பஞ்சு அருணாசலம் எழுதியது. இதை ஜானகி அம்மாவும் பாடியிருக்கிறார். ஆனால் நீங்கள் முதலில் பாலமுரளிகிருஷ்ணா பாடியதைக் கேளுங்கள். பல்லவியை அவர் ஒவ்வொரு முறையும் எப்படித் திரும்ப எடுக்கிறார் என்று பாருங்கள். அவசரமில்லை, இரவில் ஓய்வாக இருக்கும்போது கேட்டால் போதும்.' ஒரு வாரம் கழித்து 'கேட்டீர்களா?' என்று நினைவூட்ட வேண்டாம். அவரிடமிருந்து பதில் வந்த பிறகு ஜானகி பாடியதை அனுப்புங்கள்.